மூன்று நிமிடம் நாற்பது விநாடி

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் மேலாளர்.

பணியாளர் பிரிவு அம்மாள் ரிமோட்டை அழுத்தினார். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் அவள், விமானப் பணிப்பெண் சீருடையில், மறுபடி உட்கார்ந்தாள். விமானத்தின் முன்கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு மடிந்து கிடக்கும் இருக்கை அது. தோளிலிருந்து இரண்டு வார், இடுப்பிலிருந்து இரண்டு வார். நான்கும் வயிற்றுக்கு மேல் ஒரே கொக்கியில் சேர்ந்திருந்தன. உள்ளங்கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன. கண் மூடியிருந்தது.

நேரில் அவள் அந்தத் திரைக்கு எதிரே, சக்கரம் வைத்த நாற்காலியில் இருந்தாள். அந்த அறையில் தன்னைத் தானே பார்க்காமல் இருக்க வழியில்லை. குனிந்தால் பளபளத்த தரையிலும் திரை தெரிந்தது.

"இங்க நிறுத்துங்க. வாய் அசையுதா?"

"அசையுது சார்."

"கொட்டாவியா?"

"கொட்டாவின்னா வாய் பெருசாத் திறக்கும். இது முணுமுணுக்கிற மாதிரி இருக்கு."

"தூக்கத்துல பேசுறவங்க உண்டு. என் மச்சான் ஒருத்தர் தூக்கத்துல வாடகைக்காரரோட சண்டையே போடுவார். காலையில கேட்டா ஒண்ணும் தெரியாது."

அம்மாள் சிரிக்கவில்லை. அவள் சிரித்து வைத்தாள். பதினோரு வருடப் பழக்கம். யாராவது நகைச்சுவை என்று ஒன்றைச் சொன்னால் முகம் தானாகவே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஊர் பார்த்த படம் பத்தொன்பது விநாடிதான். திரையில் ஓடுவது முழுப்படம், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. எடுத்தவர் முதல் வரிசையில் நடைவழி ஓரம், ஒன்று சி இருக்கையில் வந்தவர். யாரும் கேட்காமலே, 'தங்கள் ஊழியர்களைத் திருத்தப் பயன்படும்' என்று ஒரு வரி எழுதி அவரே கம்பெனிக்கு அனுப்பி வைத்திருந்தார். ஊருக்குக் காட்டிய துண்டில் தலைப்பும் அவரே போட்டிருந்தார்: 'நம் உயிர் இவர் கையில். இவரோ கனவில்.' மூன்று நாளில் எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அவளுக்குத் தூங்குமூஞ்சி அக்கா என்று பெயரும் வைத்தாயிற்று.

அவள் கணவர் அதை முதலில் பார்த்தது வேறொருவர் வீட்டுச் சமையலறையில். அவருக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கும் வேலை. மெஷினைச் சாய்த்து, தரையில் மல்லாந்து, அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மாள் குனிந்து ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார். "இந்தக் கூத்தைப் பாருங்க தம்பி. இவங்களை நம்பி ஏறினா எங்க கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க?"

வீட்டுக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே அவளிடம் இதைச் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன்."

"சிரிச்சீங்களா?"

"வாயில ஸ்க்ரூவைக் கவ்விட்டிருந்தேன். வேற என்ன செய்யச் சொல்ற? அது என் பொண்டாட்டின்னு சொன்னா அந்தம்மா மறுபடி முதல்லேருந்து போட்டுக் காட்டும்."

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தோடுதான் அவள் இரண்டு நாளாக ஒரே கட்டிலில் படுத்து எழுந்தாள். அவருடைய தங்கை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே படத்தைப் போட்டு, 'ஏன் அண்ணி, எங்கண்ணன் வீட்டுல தூங்க விடுறதில்லையா?' என்று கேட்டிருந்தாள். கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் ஆறு. அதில் ஒன்று மாமியாருடையது. மாமியாருக்கு அந்த முகத்தைப் போடத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

விமானத்தில் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த இடம் ஒன்றுதான், கழிவறை. அதிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தால் வெளியே வரிசை நிற்கும். சாப்பாட்டு வண்டிகளை அடுக்கி வைத்திருக்கும் மூலையில் ஒரு திரைச்சீலை உண்டு. அதற்குப் பின்னால் நின்று இரண்டு வாய் சாப்பிடலாம். ஆனால் அது முழங்காலுக்கு மேல் தூக்கியே தொங்கும். வெளியிலிருந்து பார்த்தால் யாருடைய கால் எந்தக் காலின் மேல் நிற்கிறது என்று தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயணிகள் மேகத்தைப் படம் எடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுத் தட்டை, பிறகு தங்களையே. எல்லாம் எடுத்து அலுத்த பிறகு லென்ஸ் இவர்கள் பக்கம் திரும்பியது.

அதற்கும் கம்பெனியில் விதி இருந்தது. பயணியின் ஃபோனைத் தொடக் கூடாது. கையால் மறைக்கக் கூடாது. முகத்தைத் திருப்பக் கூடாது. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாவது தயவுசெய்து வாக்குவாதத்தில் சேரும்.

அவளோடு முன்கதவில் உட்காரும் இளையவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் வாலு. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஆனால் இந்த விஷயத்தில் அவள்தான் பெரியவள். "அக்கா, ஃபோனை நிமிர்த்திப் பிடிச்சிருந்தா கட்டைவிரலைப் பாருங்க. விரல் ஓடிச்சுன்னா மெசேஜ் பாக்கிறான். ஓடலைன்னா நம்மளைப் பாக்கிறான்." நடந்துகொண்டிருக்கும்போது இந்த வித்தை பலிக்கும். சட்டென்று குனியலாம், பின்பக்கம் போகலாம், மேலே பெட்டியைச் சரி செய்கிற மாதிரி கையைத் தூக்கலாம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றும் நடக்காது. நான்கு வாரும் பிடித்திருக்கும். எதிரே நாலடியில் முதல் வரிசை. கழுத்தை மட்டும் திருப்பலாம். ஒரு பக்கம் திருப்பினால் கதவு, மறுபக்கம் வாலு.

அந்த நேரத்தில்தான் ஒரு முப்பது விநாடி வேலை உண்டு. ஓடுபாதையில் விமானம் வேகம் எடுக்கும்போது, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது, பயணிகள் பயந்துவிடுவார்கள். கை தொடைக்கு அடியில் இருக்கவேண்டும், குலுக்கலில் வீசிவிடாமல் இருக்க. கண் திறந்து பயணிகளைப் பார்த்திருக்க வேண்டும். விதிப் புத்தகம் சொல்வது இதுதான்.

அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

பயிற்சிக் காலத்தில் அவர்களை ஒரு பொய் விமானத்துக்குள் அடைத்துப் புகையை விட்டார்கள். கதவைத் தேடித் திறக்கவேண்டும். அவள் கண்ணை விரியத் திறந்துகொண்டு போனாள். எங்கும் வெள்ளை. கை சுவரிலேயே வழுக்கி வழுக்கி, நாற்பது விநாடி போயிற்று. எரிச்சல் தாங்காமல் கண்ணை இறுக்கிக்கொண்டபோதுதான் கைக்குக் கைப்பிடி அகப்பட்டது. தேறியதாக எழுதினார்கள். புகைக்குள் அவள் என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவளுடைய பதினோரு வருட வேலையில் யாரும் பார்க்காத இடம் அது ஒன்றுதான். அன்று முதல் ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் கண்ணை மூடித்தான் ஓட்டிப் பார்த்தாள். திறந்த கண்ணோடு செய்தால் கைக்கு ஒன்றும் ஏறவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

"ஓட விடுங்க," என்றார் மேலாளர்.

திரையில் அவள் உதடு அசைந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அது வெறும் அசைவு. அவளால் மட்டும் படிக்க முடிந்தது. கொக்கி. எழு. வலப்பக்கம் ஒரு அடி. ஜன்னல் வழியே பார், வெளியே நெருப்பு உண்டா. கைப்பிடி தோள் உயரம். தூக்கு. தள்ளு. பிறகு ஆட்கள். மூன்று ஏ, ஊன்றுகோல். ஏழு டி, கைக்குழந்தை. ஒன்பதில் தனியாக வரும் சிறுமி. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. தன் வேலையை வெளியிலிருந்து பார்ப்பது அவளுக்கு முதல் தடவை. நன்றாகத்தான் செய்திருக்கிறாள்.

பட்டியலின் கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவு திறந்ததும் முதலில் கீழே இறங்கி மற்றவர்களைப் பிடித்து இறக்க, கை கால் திடமான ஒரு பயணி. அவரிடம் சொல்லவேண்டியதில்லை, மனதில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு நிமிடம் பத்தாவது விநாடியில் உதடு குவிந்து விரிந்தது. ஒன்று சி. அன்றைக்கு அந்த ஆள் ஏறும்போதே பார்த்து வைத்திருந்தாள். அகலமான தோள். காலில் நாடா கட்டிய ஷூ. பின்னால் வந்த கிழவரின் பெட்டியைத் தானே வாங்கி மேலே வைத்தார். இவரைக் கூப்பிடலாம் என்று ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். அவள் அவரைத் தேர்ந்தெடுத்ததையும் அவரே படம் எடுத்து வைத்திருந்தார்.

"நான் தூங்கலை சார்," என்றாள்.

"அப்போ?"

"அந்த முப்பது விநாடி ரிவ்யூ. அதுதான் பண்ணிட்டிருந்தேன். உதடு அசையுறது அதுதான்."

மேலாளர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் முன்னால் இருந்த புத்தகத்தைத் திறக்காமலே, "கண் திறந்திருக்கணும்," என்றார்.

"மூடினாத்தான் மேடம் எனக்கு வரிசையா வரும். எப்பவுமே அப்படித்தான் பண்ணுவேன்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. 

மேலாளர் கெட்டவர் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அவரும் இதே வண்டியைத் தள்ளியவர்தான். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, குரலை இறக்கினார். "ஏம்மா, இதை நான் கேக்கலை, சரியா? நல்லாக் கவனி. ஒரு நாள் தூங்கினா அது ஒரு நாள் தப்பு. மனுஷங்கதானே, கண்டிச்சு ஒரு கடுதாசி, முடிஞ்சது. எப்பவுமே மூடுவேன்னு சொன்னா அது பதினோரு வருஷத் தப்பு. பயிற்சிப் பிரிவு உன் பழைய தேர்வு ஒவ்வொண்ணையும் தோண்டும். உனக்குத் தேர்ச்சி போட்டவங்களைக் கூப்பிடும். அதுவரைக்கும் உன்னைத் தரையில இறக்கி வைப்பாங்க. அப்படி இறங்கினவங்க யாராவது மறுபடி ஏறி நான் பார்த்ததில்லை."

தரை என்றால் பெட்டி எடை போடும் கவுண்ட்டர். அவளுக்குப் பறப்பதில் பெரிய மயக்கம் எதுவும் இல்லை. ஏறிய சற்று நேரத்தில் சக்கரங்கள் உள்ளே மடங்கும் சத்தம் கேட்கும். அப்போது அடிவயிற்றில் ஒரு லேசு வரும். கல்யாணத்துக்கு முன் நான்கு பெண்கள் இருந்த ஒற்றை அறையிலும் சரி, இப்போது இருக்கும் இரண்டு அறை வீட்டிலும் சரி, அந்த லேசு அவளுக்குத் தரையில் எங்கும் கிடைத்ததில்லை.

"ஆனா நான் தூங்கலையே சார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அதான் சொல்றேன், தூங்கினேன்னு எழுதிக் குடு. தூங்கினவளைக் காப்பாத்த எனக்கு வழி இருக்கு. தூங்காதவளைக் காப்பாத்த இல்லை."

 அவள் வேறு ஒன்று கேட்டாள். "என்னைக் கேக்காம எடுத்த படம் சார் அது. அழிச்சுடச் சொல்லி அவருக்கு எழுத முடியுமா?"

"வாரா வாரம் நம்மகிட்ட பறக்கிறவர்மா."

"கம்பெனி வேண்டாம். நானே புகார் குடுக்கிறேன்."

அம்மாள் இதற்குத் தயாராக இருந்தார். "சட்டப் பிரிவுல கேட்டாச்சு. முகம் உங்களோடது. சீருடை கம்பெனியோடது. படத்துல ரெண்டும் சேர்ந்து இருக்கு. சீருடை சம்பந்தமா வெளியில புகார் குடுக்க எங்க அனுமதி வேணும்."

"அனுமதி கேட்டா?"

"குடுக்கிற வழக்கம் இல்லை."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "மதியம் சாப்பிட்டுட்டு வா. நாலு மணிக்குள்ள முடிவு சொல்லிடு."

நடைக்கூடத்தில் தண்ணீர் எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு வாலு நின்றிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு விடுமுறை. சீருடை இல்லாமல் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள்.

"நான் உள்ள வந்து சொல்றேன் அக்கா. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். தூங்கினா தோள் மேல கனம் விழும். எங்க பெரியப்பா பஸ்ஸுல தூங்கி என் தோளே ஒரு பக்கம் இறங்கிப் போச்சு. எனக்குத் தெரியாதா? உங்க தோள் இரும்பு மாதிரி நின்னுச்சு."

"அப்போ கண்ணு மூடியிருந்தது உனக்குத் தெரியுமான்னு கேப்பாங்க."

"தெரியும்னு சொல்றேன்."

"எத்தனை நாளாத் தெரியும்னு கேப்பாங்க. ஏன் எழுதிக் குடுக்கலைன்னு கேப்பாங்க."

வாலு காகிதக் கோப்பையைக் கசக்கினாள்.

"உன்னை நிரந்தரம் பண்ண இன்னும் எத்தனை மாசம்?"

"நாலு."

"அப்போ வாயை மூடிட்டு வீட்டுக்குப் போ."

"அது முடியாதுன்னுதானே எனக்கு வாலுன்னு பேரு."

"நாலு மாசம் முடியும்."

வாலு போகவில்லை. "நான் ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது. உள்ள என்னதான் சொல்லுவீங்க, கண்ணை மூடிட்டு? நான் புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லிப் பாக்கிறேன், பாதியில வீட்டு நினைப்பு வந்துடுது," என்றாள்.

அவள் சொல்ல வாயெடுத்தாள். நடைக்கூடத்தின் கூரையில் கறுப்பு அரைப்பந்து மாதிரி ஒரு கேமரா இருந்தது. அது எப்போதும் அங்கே இருப்பதுதான். "இன்னொரு நாள் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனாள்.

படிக்கட்டில் நின்று கணவருக்கு ஃபோன் செய்தாள். பின்னால் ஏதோ மோட்டார் உறுமியது. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"போட்டுக் குடுத்துட்டு வா. ஒரு கையெழுத்துதானே," என்றார்.

"நான் தூங்கலைங்க."

"நான் நம்புறேன்."

"எதை நம்புறீங்க?"

"நீ எதைச் சொன்னாலும்."

"நிஜமா என்ன பண்ணேன்னு கேக்கலையே நீங்க."

மோட்டார் நின்றது. "சரி, சொல்லு," என்றார். அவர் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். அதற்குள் மேல்மாடியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, தாண்டிப் போனதும் ஒருவன் மற்றவன் தோளில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டினான். அவள் ஃபோனில், "வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்," என்றாள்.

சாப்பிடப் போகவில்லை. படிக்கட்டிலேயே நின்று யோசித்தாள். உண்மையைச் சொன்னால் அது காகிதத்தில் ஏறும். கொக்கி, எழு, ஒரு அடி என்று அவள் உதடு சொன்னதையெல்லாம் யாரோ தட்டச்சு செய்வார்கள். நான்கு பேர் உட்கார்ந்து, மூன்று நிமிடம் நாற்பது விநாடியையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அவளை மறுபடி புகைக்குள் அனுப்பி, இந்தத் தடவை உள்ளே கேமரா வைப்பார்கள். பொய்யைச் சொன்னால் தூங்குமூஞ்சி என்பது நிலைத்துவிடும். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதோடு நாளைக்கு ஏறலாம்.

மூன்றரைக்கே அறைக்குத் திரும்பினாள். காகிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. 'பணிக் களைப்பின் காரணமாகச் சில விநாடிகள் கண்ணயர்ந்துவிட்டேன். வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது.' அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாள் பேனாவை நீட்டி 'பணிக்' என்ற சொல்லை அடித்தார்.

"அது இருந்தா ரோஸ்டரைக் கேப்பாங்க, எத்தனை மணி நேரம் வேலை வாங்கினோம்னு பாப்பாங்க," என்றார். "வெறும் களைப்பு போதும்."

"இது எங்க போகும் மேடம்?"

"உங்க கோப்புக்கு. அப்புறம், ஊழியர் தவறை ஒப்புக்கொண்டு வருந்தினார்னு நாங்க வெளியில ஒரு வரி போடுவோம். உங்க பேர் போட மாட்டோம்."

"முகம்தான் இருக்கே," என்றாள்.

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். அடித்த சொல்லுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கையெழுத்து வேண்டும் என்றார் அம்மாள். அதையும் போட்டாள்.

மறுநாள் அவளுக்கு நான்கு பயணம். பத்தரை மணிக்குப் பணிக்கு வந்தாள். முன்கதவு. முதல் பயணத்தில் நூற்று அறுபத்தெட்டு பேர். மூன்று பேர் அவளை அடையாளம் கண்டார்கள். ஒருவர் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்; நின்றாள். ஏறும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். முதல் வரிசையில் தாயும் மகனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி வரை வந்தது, பிறகு விட்டுப்போயிற்று, முதலிலிருந்து தொடங்கினாள், அதற்குள் சக்கரம் மடங்கிவிட்டது. இறங்கும்போதும் அப்படியே. இரண்டாவது பயணத்தில் வாந்தி எடுத்த ஒருவரைக் கவனித்தாள். மூன்றாவது இருபது நிமிடம் தாமதம். கம்பெனியின் ஒரு வரி பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியாகியிருந்தது. வாலு காட்ட வந்தாள், வேண்டாம் என்றாள். நான்காவதில் பாதி இருக்கைகள் காலி. நான்கு ஏற்றம், நான்கு இறக்கம். எட்டிலும் பட்டியல் முடியவில்லை. மாலை ஏழரைக்குப் பணி முடித்து, அன்றன்று நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்தாள். பயணிகள் எண்ணிக்கை, தாமதம், நோய்வாய்ப்பட்டவர் விவரம் எழுதினாள். கடைசிக் கேள்வி, பாதுகாப்பு தொடர்பாகத் தெரிவிக்க ஏதேனும் உண்டா என்பது. இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனாள்.